டர்பன் கடற்கரைக்கு முதல்முறை போகிறீர்களா?

தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வந்திறங்குகிற நம் ஊர்க்காரர்கள் முதல் வாரத்திலேயே ஒரு தவறு செய்வார்கள். மெரினாவுக்குப் போகிற நினைப்பில், வேலை முடிந்து சாயங்காலம் கடற்கரைக்குக் கிளம்பிவிடுவார்கள். நானும் அப்படித்தான் போனேன். அது ஜூன் மாதம். சூரியன் ஐந்து மணிக்கெல்லாம் நகரத்துக்குப் பின்னால் இறங்கிவிட்டது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது நல்ல இருட்டு, எலும்பைத் தொடும் காற்று, சுண்டல் விற்க ஒரு ஆள் கிடையாது. சீருடை போட்ட காவலாளி ஒருவர் எங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "காலையில் வாருங்கள், அக்கா" என்கிற மாதிரி ஏதோ ஆங்கிலத்தில் சொன்னார்.

அவர் சொன்னதைத்தான் நானும் இப்போது வருகிறவர்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். காலையில் போங்கள். கடற்கரை கிழக்கே பார்த்து இருக்கிறது; பின்னால் வரிசையாக உயரமான ஓட்டல்கள். பிற்பகல் ஆக ஆக அந்தக் கட்டடங்களின் நிழல் மணலில் விழ ஆரம்பித்துவிடும். இந்த ஊர் மக்கள் அதனால்தானோ என்னவோ விடியற்காலையிலேயே வந்து, குளித்து, ஓடி, மீன் பிடித்து, பத்து மணிக்குள் பாதிப் பேர் வீட்டுக்குத் திரும்பிவிடுகிறார்கள். டிசம்பரில் ஐந்து மணிக்கு முன்பே வெளிச்சம் வந்துவிடும். ஜூன், ஜூலையில் சூரியன் எழும்ப ஏழு மணி ஆகப்போகும். இங்கே பருவம் தலைகீழ் என்பது நினைவிருக்கட்டும்: பொங்கல் வைக்கும்போது உச்சக் கோடை, ஆடிக் கஞ்சி ஊற்றும்போது ஸ்வெட்டர்.

இடத்தைப் புரிந்துகொள்வது

ஊர்க்காரர்கள் "பீச் ஃப்ரன்ட்" என்பார்கள். சுற்றுலாக்காரர்கள் கோல்டன் மைல் என்பார்கள். பெயர்தான் மைல், தெற்கே துறைமுக வாயில் தொடங்கி வடக்கே உம்கேனி ஆறு கடலில் சேரும் புளூ லகூன் வரை சுமார் 8 கிலோமீட்டர் நீளத்துக்கு அகலமான நடைபாதை ஓடுகிறது. 2010 உலகக் கோப்பைக் கால்பந்துக்காக இதைப் பெரிதாகப் புதுப்பித்தார்கள். துறைமுக வாய் வரையிலான தெற்குத் துண்டு 2019இல் சேர்ந்தது. நடக்க, ஓட, சைக்கிள் விட, உட்கார்ந்து வேடிக்கை பார்க்க எதற்கும் டிக்கெட் இல்லை. முழுக்க முழுக்கப் பொது இடம்.

யாரிடமாவது "பீச்சில் சந்திப்போம்" என்று சொல்லிவிடாதீர்கள். ஒவ்வொரு துண்டுக்கும் தனிப் பெயர் உண்டு, பெயர் தெரியாவிட்டால் அரை மணி நேரம் போனிலேயே போய்விடும். தெற்கிலிருந்து வடக்காக: உஷாகா, பழைய மருத்துவமனைக்கு எதிரே இருக்கும் அடிங்டன், சவுத் பீச், வெட்ஜ், டெய்ரி, நார்த் பீச், பே ஆஃப் பிளென்டி, ஸ்நேக் பார்க், பேட்டரி, சன்கோஸ்ட், அப்புறம் புளூ லகூன். டெய்ரியில் பால் கிடைக்காது, ஸ்நேக் பார்க்கில் பாம்பு கிடையாது. ஒரு காலத்தில் இருந்தவற்றின் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மோசஸ் மபீடா மைதானத்தின் பெரிய வெள்ளை வளைவு வடக்குப் பக்கம் எங்கே நின்றாலும் தெரியும். வழி தவறினால் அதைப் பார்த்து நடங்கள்.

எந்தத் துண்டுக்குப் போவது? சின்னப் பிள்ளைகள் இருந்தால் உஷாகா கடற்கரை. 19ஆம் நூற்றாண்டில் வெட்ச் என்ற அதிகாரி வரைந்துகொடுத்து, முடிக்காமலே கைவிட்ட ஓர் அலைத்தடுப்புச் சுவர் அங்கே கடலுக்குள் கிடக்கிறது. கட்டினவர்களுக்குத் தோல்விதான், ஆனால் அதனால் உள்பக்கம் அலை அடங்கியிருக்கும். கண்ணாடி மாட்டிக்கொண்டு மீன் பார்க்கிறவர்களும் அங்கேதான் வருவார்கள். குளிக்கவும் கூட்டத்தைப் பார்க்கவும் வேண்டும் என்றால் நார்த் பீச். அமைதியாக உட்கார வேண்டும் என்றால் துறைமுக வாய்ப் பக்கம்; பெரிய சரக்குக் கப்பல் கைக்கெட்டும் தூரத்தில் போவதுபோல ஊர்ந்து போகும். முதல்முறைக்கு என்னைக் கேட்டால் நார்த் பீச்சில் தொடங்கித் தெற்கே உஷாகா வரை நடந்து வாருங்கள். ஒரு மணி நேரம் போதும், பாதிக் கடற்கரை கண்ணில் பட்டுவிடும்.

போவதும் வண்டி நிறுத்துவதும்

வண்டி இல்லாதவர்கள் ஊபரோ போல்ட்டோ பிடித்து, நடைபாதைக்குப் பக்கத்திலேயே இறங்கிக்கொள்ளுங்கள். நகர மையத்திலிருந்து நடந்தே போய்விடலாம் என்று வரைபடம் சொல்லும். அதைக் கேட்காதீர்கள். நடைபாதையில் பகலில் ஆள் நடமாட்டமும் காவலும் இருக்கும். அதற்குப் பின்னால் இருக்கிற சந்துகள், முக்கியமாக சவுத் பீச், பாயின்ட் பக்கத்துத் தெருக்கள், புதிதாக வந்தவர் கையில் போனை வைத்துக்கொண்டு நடக்கிற இடம் இல்லை. இருட்டிய பிறகு நடைபாதையிலும் ஆளில்லாத துண்டுகள் வேண்டாம்.

வண்டியில் போகிறவர்களுக்கு ஒரு விஷயம். ரிமோட்டை அழுத்திவிட்டு நடந்துவிடாதீர்கள். கதவைக் கையால் இழுத்துப் பாருங்கள். பூட்டு விழாமல் தடுக்கிற ஜாமர் கருவியோடு சுற்றுகிற திருடர்கள் இந்த நாடு முழுக்க உண்டு. 'பீப்' கேட்டதாக நாம் நினைத்திருப்போம், கேட்டது பக்கத்து வண்டியாக இருக்கும். என் கணவருக்கு அப்படித்தான் ஒரு மடிக்கணினி போயிற்று. இப்போது அவர் வீட்டு அலமாரியைக்கூட இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் நகர்கிறார்.

மஞ்சளோ பச்சையோ சட்டை போட்ட ஒருவர் கையசைத்து இடம் காட்டுவார். அவர்தான் வண்டிக்குக் காவல் நிற்கிற கார் கார்டு. திரும்பி வரும்போது ஐந்து, பத்து ராண்ட் சில்லறை கொடுப்பது இங்கே வழக்கம். வழி கேட்டால் "இரண்டாவது ரோபோவில் திரும்புங்கள்" என்பார், பயந்துவிடாதீர்கள். தென்னாப்பிரிக்காவில் போக்குவரத்து சிக்னலுக்குப் பெயர் ரோபோ.

கழிப்பறையைத் தேடும்போது 'அப்லூஷன்ஸ்' என்று எழுதிய பலகையைப் பாருங்கள். உடை மாற்றுகிற இடமும் அங்கேதான். மணலை விட்டு ஏறுகிற இடங்களில் உப்பைக் கழுவத் திறந்தவெளி ஷவர்கள் இருக்கும். கழிப்பறைக் காகிதம் மட்டும் கையோடு எடுத்துப் போங்கள். உள்ளே இருக்கும் என்று நம்பிப் போய் நான் பட்ட பாடு போதும்.

தண்ணீரில் இறங்கும் முன்

நான் தூத்துக்குடிக்காரி. கடலைப் பார்த்து வளர்ந்தவள் என்ற தலைக்கனத்தோடு இறங்கினேன். எங்கள் ஊர்க் கடல் மன்னார் வளைகுடாவின் கடல்; பல நாள் குளம் மாதிரி கிடக்கும். டர்பன் கடல் அப்படி இல்லை. முழங்கால் அளவுத் தண்ணீரில் கரையைப் பார்த்துத் திரும்பி நின்று மகனைப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து ஓர் அலை வந்து என்னை அப்படியே மணலில் உருட்டிவிட்டது. போன் போயிற்று, ஒரு கம்மல் போயிற்று, வாயெல்லாம் மணல். கடலுக்கு முதுகைக் காட்டாதே என்று எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்குச் சொல்வார்கள். நாற்பது வயதில் அதை மறுபடி படித்தேன்.

இந்தக் கடலில் இறங்கலாம். மெரினாவைப் போலத் தள்ளி நின்று பார்க்க வேண்டிய கடல் இல்லை. ஆனால் இறங்குகிற இடம் எது என்பதை நாம் முடிவு செய்வதில்லை. மணலில் சிவப்பும் மஞ்சளும் பாதிப் பாதியாக இருக்கும் இரண்டு கொடிகள் நட்டிருப்பார்கள். அந்த இரண்டுக்கும் நடுவில்தான் குளிக்க வேண்டும். நகராட்சியின் லைஃப்கார்டுகள் கண் வைத்திருப்பது அந்த இடைவெளியில்தான். கொடி தினமும் ஒரே இடத்தில் இருக்காது. மணல் நகர்வதையும் ஓட்டம் மாறுவதையும் பார்த்து அவர்கள் தள்ளித் தள்ளி நடுவார்கள். நேற்றுக் குளித்த இடம்தானே என்று போய் இறங்கக் கூடாது. தண்ணீரில் இருக்கும்போதும் அலை நம்மை மெல்லப் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டே இருக்கும், நமக்குத் தெரியாது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கொடி எங்கே என்று பாருங்கள். விசில் சத்தம் கேட்டால் முதலில் உங்களைத்தான் என்று எண்ணிக்கொள்ளுங்கள். சிவப்புக் கொடி தனியாகப் பறந்தால் அன்று குளியல் இல்லை.

கொடிகளுக்கு வெளியே என்ன ஆபத்து? உள்ளே இழுக்கிற ஓட்டம், ரிப் கரன்ட். அலை உடையாமல், கலங்கிய நிறத்தில், பார்க்க அமைதியாக ஒரு பாதை மாதிரி கடலுக்குள் போகும். புதியவர்கள் "இங்கேதான் அலை இல்லை" என்று அதைத் தேர்ந்தெடுப்பார்கள். மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தாதீர்கள், அதில்தான் களைத்துப் போகிறார்கள். மல்லாந்து மிதந்து கையைத் தூக்கி அசையுங்கள். நீந்தத் தெரிந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி ஓட்டத்தை விட்டு வெளியே வந்து, அப்புறம் கரைக்குத் திரும்புங்கள். இன்னொருவர் தத்தளிப்பதைப் பார்த்தால் நீங்கள் குதிக்க வேண்டாம். தென்னாப்பிரிக்கக் கடற்கரைகளில் கம்பத்தில் தொங்குகிற இளஞ்சிவப்பு மிதவையைப் பார்ப்பீர்கள். தேசியக் கடல் மீட்பு நிறுவனமான என்எஸ்ஆர்ஐ 2017 முதல் அவற்றை வைத்து வருகிறது. அதை வீசி எறிந்துவிட்டு லைஃப்கார்டைக் கூப்பிடுங்கள். கைப்பேசியிலிருந்து அவசர அழைப்புக்கு 112, காவல்துறைக்கு 10111. வீட்டிலிருந்து கிளம்பும் முன்பே போனில் ஏற்றி வைத்துவிடுங்கள்.

சரி, எல்லாரும் கேட்கிற கேள்விக்கு வருகிறேன்: சுறா? 1952இல் டர்பன் கரைக்கு எதிரே கடலில் சுறா வலைகள் போட்டார்கள். இன்று இந்த மாகாணமான குவாசுலு-நட்டாலின் சுறா வாரியம் அவற்றைக் கவனித்துக்கொள்கிறது. வலை என்றதும் கடலை அடைத்து வேலி போட்டிருக்கிறார்கள் என்று நினைக்க வேண்டாம். ஒவ்வொன்றும் 200 மீட்டருக்குக் கொஞ்சம் கூடுதல் நீளம், 6 மீட்டர் ஆழம். கரையிலிருந்து சில நூறு மீட்டர் தள்ளி, இரண்டு வரிசையாக, ஒன்றின் இடைவெளியை மற்றது மறைக்கிற மாதிரி தொங்கும். மேலேயும் கீழேயும் பக்கத்திலும் சுறா வந்து போக வழி இருக்கிறது. கரைப் பக்கம் வருகிற சுறாக்களின் எண்ணிக்கையைக் குறைப்பதுதான் வலையின் வேலை. ஆமை, டால்பின், திருக்கை எல்லாம் அதில் மாட்டிச் சாவதால் வலையே வேண்டாம் என்கிற கட்சியும் இங்கே உண்டு. அதில் எனக்குப் பாதி மனம். நம் வேலைக்கு இரண்டு விஷயம் போதும்: கொடிக்குள் குளியுங்கள், இருட்டிலும் கலங்கிய தண்ணீரிலும் இறங்காதீர்கள்.

உண்மையில் உங்களைக் கடிக்கப்போவது சுறா இல்லை, புளூ பாட்டில். சொறிமீன் இனம் மாதிரி இருக்கும் நீலக் குமிழி. கடலிலிருந்து கரைக்குக் காற்று அடிக்கிற நாட்களில் கூட்டமாக ஒதுங்கும். மணலில் நீலக் கண்ணாடி உருண்டை மாதிரி கிடப்பதைப் பார்த்துக் குழந்தைகள் மிதிக்க ஓடுவார்கள். செத்துக் கிடந்தாலும் அதன் நீள நூல் சுடும். என் மகனுக்குக் கணுக்காலில் சுற்றிக்கொண்டபோது கூட்டத்தில் ஆளாளுக்கு வைத்தியம் சொன்னார்கள்: வினிகர், மணல், எலுமிச்சை, சொல்லக் கூசுகிற இன்னொன்றும். லைஃப்கார்டு பையன் ஒன்றும் பேசவில்லை. கடல்தண்ணீரை ஊற்றிக் கழுவினான், ஒட்டியிருந்த நூலை எடுத்துப் போட்டான், பிறகு பொறுக்கிற சூட்டில் வெந்நீரில் காலை வைக்கச் சொன்னான். இருபது நிமிடத்தில் அழுகை நின்றது. அன்றிலிருந்து ஒரு ஃபிளாஸ்க் வெந்நீர் எங்கள் கடற்கரைப் பையில் இருக்கிறது. மூச்சு வாங்கினாலோ முகம் வீங்கினாலோ மட்டும் வீட்டு வைத்தியத்தோடு நிற்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

தண்ணீரின் சுத்தத்தையும் சொல்ல வேண்டும். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் இந்த நகரத்தின் கழிவுநீர்க் குழாய்களும் பம்புகளும் பெரிய அளவில் சேதமாயின. அதற்குப் பிறகு இ-கோலை கிருமி அளவு கூடியதால் கடற்கரைகளைப் பல தடவை மூடித் திறந்தார்கள். எந்தக் கடற்கரை குளிக்கத் திறந்திருக்கிறது என்று டர்பனை நிர்வகிக்கும் எத்தெக்வினி நகராட்சி அறிவிக்கும், கரையிலும் பலகை வைத்திருப்பார்கள். பெருமழை பெய்தால் நான் இரண்டு மூன்று நாள் தண்ணீர்ப் பக்கம் பிள்ளையை விடுவதில்லை. ஆற்று முகத்துவாரமான புளூ லகூன் பக்கம் குளிப்பதே இல்லை. அது உட்கார்ந்து பேசுகிற இடம்.

கரையில் என்னென்ன இருக்கிறது

நடைபாதையை ஒட்டியே சைக்கிள் வாடகைக்குக் கிடைக்கும். அடையாள அட்டையோ முன்பணமோ கேட்பார்கள், பாஸ்போர்ட்டை மட்டும் கொடுத்துவிடாதீர்கள். அலைச்சறுக்குக் கற்றுக்கொடுக்கிறவர்கள் உஷாகா பக்கமும் நார்த் பீச் பக்கமும் இருக்கிறார்கள். இந்த ஊர் அதற்கு உலகப் புகழ் பெற்றது. பே ஆஃப் பிளென்டியில் 1969இல் தொடங்கிய சர்வதேசப் போட்டியைப் பற்றி இன்னும் பெரியவர்கள் பேசுவார்கள். பலகைக்காரர்களின் இடம் வேறு, குளிக்கிறவர்களின் இடம் வேறு. இரண்டும் கலந்தால் உங்கள் மண்டைதான் உடையும். அங்கேயே ஸ்கேட்டிங் பூங்கா ஒன்றும் உண்டு, என் மகன் கடலைப் பார்ப்பதைவிட அதைத்தான் அதிகம் பார்க்கிறான். நீச்சல் தெரியாதவர்களுக்கு ரேச்சல் ஃபின்லேசன் என்ற பொது நீச்சல்குளம் கடற்கரையிலேயே இருக்கிறது, உப்புத் தண்ணீர்தான். பழுதுபார்ப்புக்காக மூடியிருக்கிற காலங்களும் உண்டு என்பதால் விசாரித்துவிட்டுப் போங்கள். சனிக்கிழமை காலையில் பார்க்ரன் என்ற 5 கிலோமீட்டர் ஓட்டம் நடக்கும். இலவசம், இணையத்தில் ஒருமுறை பதிந்து பார்கோடு எடுத்து வந்தால் போதும், நடந்தேகூட முடிக்கலாம். புதிதாக வந்து ஆள் தெரியாமல் தவிக்கிறவர்களுக்கு நான் முதலில் சொல்கிற மருந்து இதுதான்.

உஷாகா மரைன் வேர்ல்டு மட்டும் டிக்கெட் விஷயம். 2004இல் திறந்தது. மூழ்கிய பழைய சரக்குக் கப்பலின் வயிற்றுக்குள் நடப்பது போல அதன் மீன் காட்சியகத்தைக் கட்டியிருக்கிறார்கள். ஓட்டைக் கப்பலின் ஜன்னல் வழியே சுறா கடந்து போகும். தண்ணீர் விளையாட்டுப் பூங்காவுக்குத் தனி டிக்கெட். இரண்டையும் ஒரே நாளில் பார்க்க நினைத்தால் பிள்ளைகள் இரண்டையும் அரைகுறையாகத்தான் பார்ப்பார்கள். முன்னால் இருக்கிற கடைத்தெருவுக்குள் போக டிக்கெட் வேண்டாம், மழை வந்தால் ஒதுங்கலாம்.

மணிகளும் மாட்டுக்கொம்புகளும் வைத்த பெரிய தலைக்கிரீடத்தோடு சூலு இன ரிக்ஷாக்காரர்கள் நிற்பார்கள். 1890களில் இந்த ஊருக்கு ரிக்ஷா வந்தது. ஒரு காலத்தில் ஆயிரக்கணக்கில் ஓடிய வண்டி, இப்போது மிஞ்சியிருப்பது சில. ஏறும் முன் விலை பேசுங்கள். படம் எடுக்கவும் காசு உண்டு, அதையும் முன்பே பேசுங்கள். அவர்கள் வண்டியைப் பின்னால் சாய்த்து உங்கள் காலை வானத்துக்குத் தூக்குவார்கள் என்பதை அத்தைக்கு முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. மணல் சிற்பம் செய்கிறவர்களுக்கும் அப்படியே. படம் எடுத்தால் அவர்கள் டப்பாவில் இரண்டு நாணயம்.

பியர்களில், அதாவது கடலுக்குள் நீளும் அந்தப் பாலங்களில், தூண்டில் போடுகிறவர்களில் நம் பூர்வீகத்துக்காரர்கள் நிறைய. மீன் பிடிக்க ஆசை வந்தால் முதலில் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். இந்த ஊரின் செல்ல மீன் ஷாட். அக்டோபர், நவம்பர் இரண்டு மாதமும் அதைப் பிடிக்கக் கூடாது. மற்ற நாட்களிலும் ஆளுக்கு நாலுதான், 30 சென்டிமீட்டருக்குக் குறைந்ததைத் திருப்பி விட வேண்டும். புளி கரைத்து வைத்த ஷாட் குழம்பை முதல்முறை சாப்பிட்டபோது, ஐந்து தலைமுறைக்கு முன்னால் கிளம்பிப் போன குழம்பு இன்னும் எங்கள் வீட்டு வாசனையோடு இருப்பதைப் பார்த்து எனக்குப் பேச்சு வரவில்லை.

பக்கத்தில் நிற்கிறவர்கள்

நீங்கள் தமிழில் பேசுவதைக் கேட்டு, காலை நடைக்கு வந்த ஒரு பெரியம்மா நின்று "வணக்கம்" என்பார். நீங்கள் தமிழில் தொடர்வீர்கள். அவர் சிரித்துக்கொண்டு ஆங்கிலத்துக்கு மாறுவார். "தமிழ் தெரியாதா?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். 1860 நவம்பர் 16 அன்று மதராசிலிருந்து 342 பேரோடு ட்ரூரோ என்ற கப்பல் இந்தத் துறைமுகத்துக்கு வந்தது. கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள் அவர்கள். அந்தப் பெரியம்மாவின் பேச்சில் ஆயா, தாத்தா, ஐயோ எல்லாம் இருக்கும், வீட்டில் காவடியும் மாரியம்மன் கஞ்சியும் இருக்கும், மொழிதான் பள்ளிக்கூடத்தில் கிடைக்காமல் போனது. வயதில் மூத்தவர்களை ஆன்ட்டி, அங்கிள் என்றே கூப்பிடுங்கள், பெயர் சொல்லி வேண்டாம். அப்படி எனக்குப் பழக்கமான ஓர் ஆன்ட்டி, நார்த் பீச் படிக்கட்டில் உட்கார்ந்து செருப்பில் ஒட்டிய மணலைத் தட்டிக்கொண்டே, சின்ன வயதில் இந்தப் படியில் தன்னால் உட்கார முடிந்ததில்லை என்று சொன்னார். நல்ல கடற்கரைகள் வெள்ளையருக்கு மட்டும் என்று பலகை வைத்திருந்த காலம். கடற்கரைகளை எல்லாருக்கும் திறப்பதாக அப்போதைய ஜனாதிபதி டி கிளர்க் அறிவித்தது 1989இல், அதுவும் நவம்பர் 16. "எங்க கப்பல் வந்த தேதி" என்று ஆன்ட்டி விரலை எண்ணிக் காட்டினார்.

விடியற்காலையில் இன்னொரு காட்சியும் பார்ப்பீர்கள். வெள்ளை அங்கி போட்ட சபைக்காரர்கள் அலையில் நின்று பாடி, ஞானஸ்நானம் கொடுப்பார்கள். உள்நாட்டு ஊர்களிலிருந்து பேருந்தில் வந்த சூலு குடும்பங்கள் காலி குளிர்பானப் பாட்டில்களில் கடல்தண்ணீரைப் பிடித்து மூடியை இறுக்கிக்கொண்டிருப்பார்கள். வீட்டுக்குக் கொண்டுபோய் மருந்தாகவும் தோஷம் கழிக்கவும் வைத்துக்கொள்வதற்கு. ராமேஸ்வரத்திலிருந்து தீர்த்தம் கொண்டு வருகிற நமக்கு இது புரியாத விஷயமா என்ன? கேட்காமல் படம் எடுக்காதீர்கள். "சவுபோனா" என்று வணக்கம் சொல்லுங்கள், ஏதாவது உதவி செய்தால் "ங்கியபோங்கா" என்று நன்றி சொல்லுங்கள். உச்சரிப்பு தப்பினாலும் முகம் மலரும்.

நாமும் நம் பங்குக்குப் பூ, தேங்காய், கற்பூரத் தட்டு என்று கடலுக்குக் கொண்டு போகிறோம். பூவை விடுங்கள், பிளாஸ்டிக் பையைத் திரும்ப எடுத்து வாருங்கள். உடைந்த தேங்காய் ஓடு அடுத்த நாள் யாரோ ஒரு குழந்தையின் காலில் ஏறும்.

சாளை வரும் காலம்

ஜூன், ஜூலையில் தெற்கிலிருந்து குளிர்ந்த நீரோடு சாளைக் கூட்டம் கரையோரம் ஏறி வரும். இங்கே சார்டீன் ரன் என்பார்கள். எந்த நாள், எந்தக் கடற்கரை என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. சில வருடம் டர்பன் வரைக்கும் வராமலே போகும். வந்துவிட்டால் அலுவலகமே காலியாகும். முதல் வருடம் அடிங்டன் பக்கம் கூட்டத்தைப் பார்த்து என்னவோ என்று ஓடினேன். பார்த்தால் கரைவலை! எங்கள் ஊரில் இழுக்கிற அதே மாதிரி, படகில் வலையை வளைத்துக் கொண்டுபோய், கரையில் இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று இழுக்கிறார்கள். இழுத்தவர்களில் பாதி முகம் நம் முகம். ஒப்பந்தம் முடிந்து தோட்டத்தை விட்டு வெளியேறி, துறைமுகத்துக்குள் சாலிஸ்பரி தீவில் குடியேறி மீன் பிடித்த குடும்பங்களின் தொழில் இது. கூடையில் வெள்ளி வெள்ளியாகத் துள்ளுகிற மீனை அங்கேயே விற்றார்கள். நம் சாளையைவிடக் கொஞ்சம் நீளம், முள் அதே முள்.

மீனைப் பின்தொடர்ந்து சுறா, டால்பின், பறவை எல்லாம் கரைக்கு வரும். டால்பின்கள் மாட்டாமல் இருக்கவும் வலை பாழாகாமல் இருக்கவும் சுறா வாரியம் அந்த நாட்களில் வலைகளை எடுத்துவிடும், குளியலுக்கும் தடை விழும். அதனால் மணலில் நின்று பாருங்கள், கூடை கொண்டு போங்கள், கடலில் இறங்காதீர்கள்.

டிசம்பர் 16இல் தொடங்கி ஜனவரி முதல் வாரம் வரை கதை வேறு. நாடே இந்த மணலுக்கு வந்துவிடும். புத்தாண்டு அன்று மணல் தெரியாது, தலைதான் தெரியும். அந்த நாட்களில் பிள்ளைகளின் கையில் பெற்றோர் எண் எழுதிய பட்டை கட்டிவிடுவார்கள், கேட்டு வாங்கிக் கட்டுங்கள். மதுவுக்குத் தடை எல்லா நாளும் உண்டு, அந்த நாட்களில் பையைத் திறந்தே பார்ப்பார்கள். புதிதாக வந்தவர்கள் அந்த மூன்று வாரம் வேறு எங்காவது போகலாம். நான் போவதில்லை.

கிளம்பும்போது

தங்கம் வேண்டாம், ஒரு கார்டு, கொஞ்சம் சில்லறை, ஒரு போன் போதும். எல்லாரும் ஒரே நேரத்தில் தண்ணீரில் இறங்காதீர்கள், பைக்குப் பக்கத்தில் ஓர் ஆள் இருக்க வேண்டும். வெயிலுக்குக் கறுப்புத் தோல் தாங்கும் என்று நானும் நினைத்தேன். கோடையில் பதினோரு மணிக்கு மேல் இங்கே தாங்காது. தொப்பியும் களிம்பும் எடுத்து வையுங்கள். தென்மேற்கிலிருந்து காற்று திடீரென்று திரும்பினால் அரை மணியில் குளிரும் மழையும் வரும், குழந்தைக்கு ஒரு மேல்சட்டை.

குளித்துவிட்டு வந்தால் பசி கொல்லும். பன்னி சௌ வாங்குங்கள். காலாகவோ பாதியாகவோ வெட்டிய ரொட்டியைக் குடைந்து அதற்குள் கறிக்குழம்பை ஊற்றித் தருவது. டர்பன் இந்தியர்களின் கண்டுபிடிப்பு, முயலுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. கடையில் "குவார்ட்டர் மட்டன்" என்றால் கால் ரொட்டி. சைவம் என்றால் "குவார்ட்டர் பீன்ஸ்", அது சுவையில் மட்டனுக்குக் குறைந்ததில்லை. ஸ்பூன் கேட்காதீர்கள். மேலே வைத்திருக்கிற ரொட்டித் துண்டை முதலில் குழம்பில் தோய்த்துத் தின்றுவிட்டு, சுவரை மேலிருந்து கீழாகப் பிய்த்துக்கொண்டே வர வேண்டும். அடியில் ஓட்டை விழுந்தால் மடியெல்லாம் குழம்பு. அதை வாங்கிக்கொண்டு புளூ லகூனுக்குப் போய், வண்டியைக் கடலைப் பார்த்து நிறுத்தி, உள்ளேயே உட்கார்ந்து சாப்பிடுவதுதான் இந்த ஊர் வழக்கம். இருக்கையில் ஒரு பழைய துண்டை விரித்துவிட்டு உட்காருங்கள். மஞ்சள் கறை போனாலும் போகும், மணல் போகவே போகாது.